கிடாருக்குப் பிரசவம்

அத்தியாயம் ஐந்து

கிடாருக்குப் பிரசவம் பார்த்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். பாலாற்றங்கரையிலிருந்து அமெரிக்கா வரைக்கும் விசாரித்துவிட்டேன், வேறு ஆள் கிடையாது. கத்தி வைக்கவில்லை, ஊசி போடவில்லை, சுகப்பிரசவம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணச் சத்திரத்தின் பின்கட்டில், எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசி முதல் முகூர்த்தத்தன்று, சாயங்கால ரிசப்ஷனுக்குப் பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் கூடவே இருந்த லில்லியும் இப்படித்தான் சிரித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். ஊரில் பாதிப் பேரைப் பிறந்த அன்றே தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியவள். அதனால் எவனையும் மதிக்க மாட்டாள். டியூட்டி இல்லாத நேரத்தில் எனக்கு உதவியாளர். நானோ பகலெல்லாம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன், மீதி நேரத்தில் துப்பறிகிறவன். கண்ணாயிரம் என்று எனக்குப் பேர் வைத்த அப்பா தீர்க்கதரிசி என்று நான் சொல்வேன். "கண்ணாடி கழட்டுனா காலண்டர் தெரியாது. பேரு மட்டும் ஆயிரம் கண்ணு" என்று லில்லி சொல்வாள்.

அன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பியவன் காசிநாதன். பட்டு ஜவுளிக்கடை பரசுராமன் நடத்திய 'பாலாறு மெல்லிசைக் குழு'வின் கிடார்க்காரன். கல்யாணம் பரசுராமனின் சொந்தக்காரர் வீட்டுடையது. நாங்கள் சத்திரத்துப் பின்கட்டுக்குள் நுழைந்தபோது, கோணிமேல் இரண்டு கிடார்கள் படுத்திருந்தன. அவற்றுக்குத் தலைமாட்டில் பரசுராமன் இடுப்பில் கை வைத்து நின்றார். ஒரு பக்கம் காசிநாதன், முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மங்காமல். இன்னொரு பக்கம் பரசுராமனின் மருமகன் முருகேசன், ஜரிகை வேட்டியில், சாயப்பட்டறை நிர்வாகம்.

"வாய்யா மீட்டரு" என்றார் பரசுராமன். "இவன் என் மாப்ளையோட கிடாரைத் திருடிட்டான். இல்லேங்கறான். உன்னைக் கூப்பிட்டாத்தான் உண்மை தெரியுமாம். ரிசப்ஷன் ஆரம்பிக்கறதுக்குள்ள சொல்லு. இல்லாட்டி இவன் இனிமே எந்த மேடையிலயும் ஏற முடியாது. செங்கல்பட்டு ஜில்லா முழுக்க நான் சொல்லி வெச்சுடுவேன்."

"நான் திருடல சார்" என்றான் காசிநாதன். "அம்மை வார்த்து ஓரிக்கையில எங்க வீட்டுல வேப்பிலைல படுத்துக்கினு இருந்தேன். கிடாரு ரிகர்சல் ரூம்ல தொங்கிக்கினு இருந்துச்சு. இன்னைக்கு வந்து உறையைத் திறந்தா இப்படி இருக்குது."

இந்த இரண்டு கிடார்களையும் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாதாரண எலக்ட்ரிக் கிடார் என்றால் முழுப் பலகை, உலக்கை மாதிரி. இவை அப்படி இல்லை. வீணைக் குடம் போல வயிறு காலி. மேல்பலகையில் ஆங்கில 'எஃப்' எழுத்து போல இரண்டு பக்கமும் நீளமாக வெட்டு. ஒன்று ஐம்பத்தேழாம் வருஷத்துச் சரக்கு. மெட்ராஸில் ஒரு ஆங்கிலோ இந்தியர் ஊரைவிட்டுப் போகும்போது பரசுராமன் வாங்கியது. அதைத்தான் காசிநாதன் வாசிப்பான். குழுவுக்குப் பேர் வந்ததே அதன் குரலால்தான். அதே அமெரிக்கக் கம்பெனி, பழைய மாடலுக்குக் கிராக்கி வந்ததும், அதே அச்சில், அதே நிறத்தில், அதே குமிழ், அதே கீ வைத்து மறுபடியும் செய்து போன வருஷம் வெளியிட்டது. அந்தப் புதுசை சிங்கப்பூர் சொந்தக்காரர் ஒருவர் மாப்பிள்ளைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், பதினைந்து வயசு வித்தியாசத்தில்.

இப்போது காசிநாதனின் உறையிலிருந்து வந்தது, முகூர்த்தத்துக்கு எடுத்து வைத்த வெள்ளிச் சொம்பு மாதிரி மின்னியது. முருகேசனின் உறையிலிருந்து வந்தது, கல்யாணத்துக்கு வராத பெரியப்பா மாதிரி கறுத்துக் கிடந்தது.

"பாத்தியா?" என்றார் பரசுராமன். "பளபளன்னு இருக்கறது என் மாப்ளையோடது. அதை எடுத்துக்கினு, பழசை அவரு உறையில சொருகிட்டான்."

முருகேசன் தாழ்ந்த குரலில், "விடுங்க மாமா. நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சண்டை? என்னுதை எனக்குக் குடுத்துட்டு அவருதை அவரு எடுத்துக்கினு போகட்டும். போலீசு கீலீசெல்லாம் வேணாம்" என்றான்.

"பாருய்யா, தங்கம்!" என்று மாமனார் உருகினார்.

"சத்தமே போடாத புள்ளையத்தான் சார் எங்க வார்டுல ரெண்டு தட்டு தட்டிப் பாப்போம்" என்று லில்லி என் காதில் சொன்னாள்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பட்ட பாட்டைப் பட்டிருந்தால் வேறொருத்தன் காவி கட்டியிருப்பான்.

முதலில் கீ. பழைய கிடாரில் கம்பி முறுக்குகிற கீயின் பிளாஸ்டிக் பொத்தான்கள் வருஷமாக வருஷமாக மஞ்சளித்துச் சுருங்கி, வெல்லக்கட்டி மாதிரி உதிரும். புதுசில் பல் மாதிரி வெள்ளையாக இருக்கும். பளபளப்பு கிடாரில் வெள்ளை! "அகப்பட்டது!" என்று நான் கத்தப் போன நேரத்தில் காசிநாதன் சொன்னான்: "பழசுல பொத்தான் உதிர்ந்து போச்சுன்னு போன பொங்கலுக்கு நான்தான் மெட்ராஸ்ல வாங்கி மாத்தினேன் சார். அதுவும் வெள்ளைதான்."

இரண்டிலும் வெள்ளை. போச்சு.

அடுத்து வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கம்பெனிச் சீட்டு. டார்ச் அடித்து எஃப் வெட்டு வழியாகப் பார்த்தேன். பளபளப்பில் சீட்டு இருந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. கறுப்பில் ஈரம் பட்டு உரிந்து சுருண்டிருந்தது. ஒன்றில் ஒரு எண் இல்லை, இன்னொன்றில் ஒரு எழுத்து இல்லை.

மேல்பலகை வார்னிஷ்? பழைய வார்னிஷ் முடி மாதிரி மெல்லியதாக வெடித்திருக்கும். கறுப்பில் வெடிப்பு இருந்தது. பளபளப்பில் யாரோ தேங்காய் எண்ணெயைக் கிண்ணியோடு கவிழ்த்த மாதிரி வழவழவென்று ஒன்றும் தெரியவில்லை. எல்லாச் சாட்சியும் பரசுராமன் பக்கமே போய் உட்கார்ந்துகொண்டது.

"வாசிச்சுப் பாத்துட்டா தெரிஞ்சுடும்" என்றேன். "பழசுல கம்பிச் சத்தத்தைப் பிடிக்கற பிக்கப்போட குரலே வேற. தேன்ல விரலை விட்ட மாதிரி..."

"கரண்ட் இல்ல" என்றார் பரசுராமன்.

அந்த வருஷம் மின்வெட்டு. சாயங்காலம் ரிசப்ஷனுக்குத்தான் வரும் என்று நானே அந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

"நீங்கதானே சார் கரண்ட் ஆபீசு" என்றாள் லில்லி. "அவசரத்துக்குப் பாக்கெட்டுல கொஞ்சம் எடுத்தாந்திருக்கக் கூடாதா?"

"விரலுக்குத் தெரியாதா உனக்கு?" என்று காசிநாதனைக் கேட்டேன். "இத்தனை வருஷம் பிடிச்ச கழுத்து!"

அவன் இடது கையை நீட்டினான். அம்மையில் தோல் உரிந்து, கிடார்க்காரனுக்கு விரல் நுனியில் இருக்க வேண்டிய காய்ப்பு மொத்தமும் போய், குழந்தை விரல் மாதிரி சிவப்பாக இருந்தது. "எதைத் தொட்டாலும் நெருப்பைத் தொடற மாதிரி இருக்குது சார். எனக்கே தெரியல. பாத்தா புதுசு மாதிரிதான் இருக்குது. ஆனா நான் மாத்தல. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான் சார்."

கடைசி நம்பிக்கை, கம்பிகளைக் கீழே பிடித்துக் கட்டுகிற அந்த வால் தகடு. பழைய கிடாரில் உள்ளங்கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் முலாம் தேயும். பளபளப்பின் தகட்டைப் பார்த்தேன். எந்தப் பக்கமும் தேயவில்லை, அல்லது எல்லாப் பக்கமும் தேய்ந்திருந்தது. கண்ணாடியை மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன். தகட்டில் என் மூக்கு தெரிந்தது, அவ்வளவுதான்.

"இந்த ஸ்க்ரூ இடுக்குல செவப்பா என்னமோ இருக்குது சார்" என்றாள் லில்லி. ஹேர்ப்பின்னால் நோண்டி விரலில் தேய்த்தாள். "செங்கல் தூள். ஏன் சார், அமெரிக்காவுல கிடார் கம்பெனிக்காரன் செங்கல் சூளையும் வெச்சிருக்கானா?"

"துப்பறியும்போது தூசியைப் பத்திப் பேசாதே" என்றேன். இந்த வாக்கியத்துக்காக இன்று வரைக்கும் அவள் என்னை விட்டபாடில்லை.

பரசுராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்கட்டில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றி வந்த கார் ஹாரன் அடித்தது. நான் மனம் நொந்து பளபளப்பு கிடாரைத் தலைகீழாக மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏழு கோயில் சாமிகளையும் பேர் சொல்லித் திட்டினேன். எட்டாவது கோயிலைத் திட்டப் போகும்போது கிடாரின் எஃப் வெட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்தார்.

கறுப்பாக, எள்ளளவு, மூக்கு நீட்டிக்கொண்டு. என் மணிக்கட்டில் ஏறி, வாட்ச் ஸ்ட்ராப்பில் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தார்.

"அரிசி வண்டு!" என்றேன்.

"ரேஷன் பையைத் தோள்ல மாட்டிக்கினு வந்தீங்களே, அதுலேர்ந்து வந்திருக்கும்" என்றாள் லில்லி.

"இல்லம்மா! கிடாருக்குள்ளேருந்து வந்துச்சு. கண்ணால பாத்தேன்!"

"எந்தக் கண்ணு சார், ஆயிரத்துல?"

எனக்குப் பொறி தட்டியது. காசிநாதன் பக்கம் திரும்பினேன். "ஏம்பா, முன்ன ஒரு காலத்துல உங்க முதலாளி உன்னை மணமேடையிலயே நிறுத்தி வைப்பாரே?"

"ஆமா சார். கெட்டிமேளத்தோட கிடாரும் சேந்து ஒலிக்கணும்னுவாரு. பொண்ணு மாப்ளைக்குப் பின்னாடியே நின்னுக்கினு வாசிப்பேன். அப்புறம் நாதஸ்வரக்காரங்க ஒருநாள் சண்டைக்கு வந்து, அதை நிறுத்திட்டாங்க. நாலு வருஷம் ஆச்சு."

"பொண்ணு மாப்ளை மேல ஊரே எதைத் தூக்கிப் போடும்?"

காசிநாதனின் வாய் திறந்தது. நான் எழுந்து நின்றேன். அந்தக் காலத்தில் எனக்கு மேடை கிடைத்தால் இறங்கத் தெரியாது.

"அட்சதை! கல்யாணத்துக்குக் கல்யாணம் அட்சதை! அதுல பாதி பொண்ணு தலையில, பாதி கிடாரோட வயித்துல! புதுக் கிடாரு ஊருக்கு வந்ததே போன வருஷம். அது ஒரு முகூர்த்தத்தையும் பாத்ததில்ல. எந்தக் கிடாரு வயித்துல அட்சதை இருக்குதோ, அதுதான் பழசு! காசிநாதனோடது! ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வந்து ரெண்டையும் குலுக்கிப் பாக்கறேன், எல்லாரும் இருங்க!"

"கிடாருக்கு மசக்கைன்னு சொல்லுங்க" என்றாள் லில்லி. "சார், நான் பாத்த வயித்துல எல்லாம் புள்ளைதான் இருந்துச்சு, புளியோதரை இல்ல. இது நடந்தா நான் என் நர்ஸ் தொப்பியை எடுத்து உங்க தலையில வெக்கிறேன்."

காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். துப்பறிகிறவன் தன் யோசனையை ஊரைக் கூட்டி அறிவித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகக் கூடாது. இதைப் பின்னால் பல பேருக்கு நான் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"முதல்ல கறுப்பைக் குலுக்குங்க" என்றான் முருகேசன் பணிவாக.

குலுக்கினேன். சலசலவென்று ஒரு சத்தம். எஃப் வெட்டு வழியாக மஞ்சள் அரிசி கோணிமேல் கொட்டியது, கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாலு பேருக்குச் சமைக்கலாம்.

"மீட்டரு!" என்று பரசுராமன் என் தோளைத் தட்டினார். "உன் வாயாலயே சொல்லிட்டே. கறுப்புதான் பழசு. அப்போ பளபளப்பு என் மாப்ளையோடது. காசி, உன் பழசைத் தூக்கிக்கினு கிளம்பு. மேடைப் பக்கம் வராதே."

காசிநாதன் குனிந்து கறுப்பு கிடாரை எடுத்தான். நான் சொன்ன சட்டத்தை வைத்தே என் ஆளைத் தூக்கில் போட்டுவிட்டேன். அப்போதுதான் பளபளப்பு கிடாரின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அதைத் தூக்கித் தலைகீழாகப் பிடித்து உலுக்கினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி உலுக்கினேன்.

"சார், அப்படிப் பண்ணாதீங்க, கழுத்து மாட்டிக்கும்" என்றாள் லில்லி. அவளுக்கே தெரியாமல் நர்ஸ் குரல் வந்துவிட்டது. "குடுங்க இப்படி. சாய்ச்சுப் பிடிங்க. உள்கட்டைக்குப் பின்னாடி ஏதோ ஒதுங்கி இருக்குது, உரசற சத்தம் கேக்குது. முதுகுல தட்டுங்க... பலமா இல்ல... மெதுவா... இப்போ முன்பக்கம் சாய்ங்க... வருது, வருது..."

வந்தது. ஒரு சிட்டிகை. மஞ்சள் வெளுத்து, சாம்பல் பூத்து, ஒவ்வொரு மணியிலும் ஊசிக் குத்து மாதிரி ஓட்டை. அதன் பின்னால் ஒரு வண்டு, அதன் பின்னால் அதன் மனைவி, மக்கள், சம்பந்தி வீட்டார். பரசுராமன் ஒரு எட்டு பின்னால் போனார்.

"ரெண்டுலயும் இருக்குதே!" என்றார்.

"ரெட்டைப் பிரசவம்" என்றாள் லில்லி, சத்தமே இல்லாமல்.

நான் கோணிமேல் மண்டியிட்டேன். இரண்டு குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளினேன். கறுப்பிலிருந்து வந்த அரிசியை எடுத்தேன், விரலில் ஒட்டியது. மஞ்சள் ஈரம். நெய் வாசனை கூட இன்னும் போகவில்லை.

"முதலாளி, இது காலைல இந்தச் சத்திரத்துல கலந்த அட்சதை. முன்கட்டுத் தாம்பாளத்துல மிச்சம் இருக்குது, ஒத்துப் பாருங்க. நாலு வருஷத்துக்கு முன்னால வயித்துல போன அரிசி இன்னும் ஈரமா இருக்குமா? நாங்க காப்பி குடிச்சுக்கினு இருக்கறப்ப யாரோ கறுப்புக்குள்ள அள்ளிப் போட்டிருக்காங்க."

"மாப்பிள்ளை சார், கொஞ்சம் கையைக் காட்டுங்க" என்றாள் லில்லி. "சும்மா, நாடி பாக்கறேன்."

முருகேசன் கையை வேட்டிக்குப் பின்னால் கொண்டுபோனான். ஜரிகைக் கரைக்கு மேலே ஐந்து மஞ்சள் கோடு விழுந்தது.

"மஞ்சள்னா... காலைல ஆசீர்வாதம் பண்ணேன்" என்றான்.

"நீங்க காலைல சாயப்பட்டறையில இருந்தீங்கன்னு அத்தை திட்டிக்கினு இருந்தாங்களே" என்றான் காசிநாதன்.

"சாயப்பட்டறை!" என்று நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். "அங்க மீட்டர் பாக்கறவன் நான்தானே! அந்தத் திராவகப் புகையில மீட்டரோட பித்தளை ஸ்க்ரூவே ஒரு மழைக்காலத்துல கறுத்துப் போயிடுது. வெந்நீர் ஆவியில சீட்டு உரியும், வார்னிஷ் வெடிக்கும். வீட்டுல சத்தம் ஆகாதுன்னு அங்கதானே கிடார் பழகறீங்க? கறுத்துக் கிடக்கறது உங்க புதுசு, மாப்ளே!"

"அப்போ பளபளன்னு இருக்கறது பழசா?" பரசுராமன் தலையைப் பிடித்துக்கொண்டார். "அது எப்படிய்யா பழசு புதுசாகும்?"

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி இந்திராணியம்மாள் உள்ளே வந்தார், இடுப்பில் சாவிக்கொத்து, கையில் வெற்றிலைத் தட்டு. "கரண்ட் வரப் போவுது, மேடையில ஒருத்தரையும் காணோம், இங்க என்னா பஞ்சாயத்து?" என்றவர் கோணியைப் பார்த்தார். "ஏன் காசி, கிடாரு எப்படி இருக்குது? ஆயுத பூஜைக்கு ரிகர்சல் ரூம் சாமானையெல்லாம் இறக்கி வெச்சாங்க. இது என்னா இப்படிக் கறுத்துக் கெடக்குது, சாமி எதிர்ல வெக்கற லட்சணமான்னு, பாத்திரம் தேய்க்கற கங்கையம்மாள உட்கார வெச்சு இரும்பையெல்லாம் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். கட்டைக்குத் தேங்கா எண்ணெ. மாப்ளைகூட நின்னு பாத்துக்கினுதான் இருந்தாரு."

லில்லி ஹேர்ப்பினை என் கண்ணெதிரே ஆட்டினாள். "தூசியைப் பத்திப் பேசக் கூடாதுன்னீங்க."

பரசுராமன் மருமகனைப் பார்த்தார். "நின்னு பாத்தீங்களா?"

முருகேசனின் பணிவு கழன்று விழுந்தது. "மெட்ராஸ்ல ஒருத்தரு சொன்னாரு மாமா, அந்தப் பழைய பிக்கப்பு குரல் புதுசுல வரவே வராதாம். புதுசை எவ்ளோ தட்டினாலும் தகரம் மாதிரிதான் பேசுது. நீங்களே பாத்துட்டு புதுசுன்னு நினைச்சீங்க. நான் சும்மா இருந்தேன், அவ்ளோதான்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பனே, மாப்ளே" என்றார் பரசுராமன். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் முருகேசனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பிறகு அவரே குனிந்து பழைய கிடாரைத் தூக்கினார். மேல்துண்டால் எண்ணெயைத் துடைத்தார். காசிநாதன் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் கடையில் ஸ்டாக் கிடையாது. "போ, ஏறு" என்றார்.

கரண்ட் வந்தது. காசிநாதன் மேடையில் நின்று, அந்தச் சிவந்த விரலை ஊதி ஊதிக் கம்பியில் வைத்தான். முதல் ஸ்வரம் வந்தபோது பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தவன்கூட நிமிர்ந்தான். தேன் என்று சொன்னேனே, அது பொய். தேன் இவ்வளவு இனிக்காது. அவன் முகம் வலியில் கோணியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

லில்லியும் நானும் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் இருந்தோம். அவள் கையில் இன்னும் ஹேர்ப்பின் இருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது. கடைசிப் பாட்டில் காசிநாதன் கிடாரை ஒரு சாய்ப்புச் சாய்த்தபோது, எஃப் வெட்டிலிருந்து ஏதோ ஒன்று குதித்து, மேடை விளிம்பில் உருண்டு, லில்லியின் மடியில் விழுந்தது. எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெளுத்த, ஓட்டை விழுந்த ஒற்றை அரிசி.

"உள்ள இன்னும் ஒண்ணு தங்கியிருக்குது சார்" என்றாள். "என் சர்வீஸ்ல இப்படி நான் விட்டதே இல்ல."

"வண்டு என் ரேஷன் பையிலேர்ந்து வந்துச்சா?"

"இல்ல."

"நான் கண்ணால பாத்தேன்னு சொன்னனே?"

அவள் கைப்பையைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த வெள்ளைத் தொப்பியை எடுத்தாள். முதல் வரிசையில், முந்நூறு பேர் பார்க்க, என் வழுக்கைத் தலையில் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துச் சரி செய்தாள்.

"நடந்துச்சு சார்" என்றாள். "நான் பக்கத்துலயே இருந்தேன். பிரசவம்தான்."